பெயரில் இல்லாத மீன்

தோண்டத் தொடங்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆற்றுத் திருப்பத்தில் மேயர் ஒரு மண்வெட்டி மண் அள்ளிப் போடுவார், அதன் பிறகு இயந்திரம் இறங்கும் என்று அழைப்பிதழில் இருந்தது. இயந்திரத்தை ஓட்டப்போவது என் அத்தை மகன் ராய்ஸ். அவன் பெயர் அழைப்பிதழில் இல்லை.

ஆய்வகத்தில் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணினியை அணைக்கும் முன் கடைசியாக ஒருமுறை அஞ்சலைத் திறந்தேன். ஒப்பந்தக்காரர் அலுவலகம் ஒரு படம் அனுப்பியிருந்தது. பூமிக்கடியில் பழைய குழாய் ஏதும் போகிறதா என்று ரேடார் வண்டியை உருட்டிப் பார்த்து எடுத்த படம். ‘குழாய் இல்லை. உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கீழே ஒரு வரி. குழாய் இல்லைதான். ஆனால் படத்தின் கிழக்கு மூலையில் பதினோரு நிழல்கள் இருந்தன. எல்லாம் ஒரே திசையில் கிடந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில். ஏழு நிழல்கள் நீளமானவை. மீதி நான்கும் அவற்றில் பாதி.

என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆகஸ்ட் பதினான்கு. அந்த இடத்து மண்ணைச் சோதித்து எங்கள் இனத்து அலுவலகத்தின் சார்பில் சான்று கொடுத்தவள் நான்தான். நான்கு துளைகள். நான்காவதற்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: ‘பன்னிரண்டு மீட்டர் மேற்கே தள்ளிப் போடப்பட்டது. காரணம், பாறை.’ பாறையை நான் பார்க்கவில்லை. அன்று துளைக்கருவியை ஊன்றப்போன நேரத்தில் அப்பா கரையில் வந்து நின்றார். “அங்க வேணாம். பாறை,” என்றார். சரி என்று கருவியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. கேட்டால் முதல் பதிலை நம்பவில்லை என்று ஆகிவிடும். தள்ளிப் போட்ட துளையில் நல்ல மணல் வந்தது. மண் கலைக்கப்படாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊரின் பெயர் பாபியோவா. ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒஜிப்வே பழங்குடிகளான எங்களுக்கு விட்டுவைத்த நிலம். பெயர் எங்களுடையது, ஊர் வெள்ளைக்காரர்களுடையது. நூற்றைம்பது வருடம் அவர்கள் வாயில் புழங்கிப் புழங்கி அந்தப் பெயர் முனையெல்லாம் தேய்ந்துவிட்டது. ‘மீன்கள் திரும்பி வரும் இடம்’ என்று அதற்கு அர்த்தம் என ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். போலீஸ் வண்டியில் மீன். தண்ணீர்த் தொட்டியில் மீன். பள்ளி ஹாக்கி அணியின் சட்டையில் பல்லைக் காட்டும் மீன். இப்போது ஆற்றுத் திருப்பத்தில் ஒரு நீரூற்று, நடுவில் வெண்கல மீன், பக்கத்தில் கருங்கல்லில் பெயரும் அர்த்தமும் வரப்போகின்றன.

அந்த அர்த்தம் பிறந்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1974, ஏப்ரல் மாதம். ஊர்ப் பெயர்களைச் சேகரித்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்து மனிதர் எங்கள் பக்கம் வந்தார். எங்களிடம் ஒன்றைக் கேட்க வருகிறவர் கையில் புகையிலை கொண்டுவர வேண்டும். அதை வாங்கிக்கொண்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் வாங்காமல் இருக்கலாம். அவர் கொண்டுவந்தது ஒரு டப்பா பீச் பழம். அப்பாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஆற்றிலிருந்து மீனும் கையுமாக ஏறி வந்திருக்கிறார். இந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேள்வி வந்ததும் அவருடைய அம்மா அவர் கையைப் பார்த்தாளாம். அவரும் தன் கையைப் பார்த்தாராம். விருந்துகளில் ராய்ஸ் இதை நடித்துக் காட்டுவான். “புகையிலை இல்லாம வந்தவனுக்கு மாமா கையில இருந்த மீனக் குடுத்து அனுப்பிட்டாரு. நல்லவேளை, அன்னிக்கு அவரு கக்கூஸ்லேர்ந்து வரல. நெனச்சுப் பாரு, தண்ணித் தொட்டியில என்ன வரைஞ்சிருப்பானுங்க!” எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும், அப்படியானால் உண்மையான அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஒஜிப்வே மொழியை வைத்துக்கூட ஒன்று சொல்ல முடியும். அந்தப் பெயரில் மீன் இல்லை.

ராய்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். படத்தை அச்செடுத்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

“என்ன டாக்டரம்மா, ஆத்துத் தண்ணிய எண்ணி முடிச்சாச்சா? ஒரு சொட்டும் கொறையலயே?”

“சனிக்கிழமை எந்தப் பக்கத்துலேர்ந்து தோண்டுவ?”

“கெழக்கு மூல. ஊத்துக்குக் குழி அங்கதான். ரெண்டரை மீட்டர்.” என்னைத் திரும்பிப் பார்த்தான். “பாறைன்னு எழுதியிருக்கியாமே. என் வாளிப் பல்லு ஒடைஞ்சுதுன்னா உன் பல்லக் கழட்டி மாட்டிருவேன்.”

நான் சிரிக்கவில்லை. பாலத்தின் மேல் வந்ததும் ஆற்றைப் பார்க்காமல் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னான்: “வருஷா வருஷம் மாமா தூண்டில் இல்லாம மீன் பிடிக்கப் போறாரே, ஏன்னு நான் ஒருநாளாவது கேட்டிருக்கேனா? நீயும் கேக்காத.”

அது உண்மை. நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்கு விருந்து வைப்போம். சோள சூப், காட்டரிசி, மான் கறி, எண்ணெயில் பொரித்த ரொட்டி. ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வெளியே மரத்தடியில் வைப்போம். அம்மா இருந்தவரை அதை அவள் வைத்தாள், இப்போது நான் வைக்கிறேன். அதே நாள் காலையில் அப்பா ஒரு வாளியோடு ஆற்றுத் திருப்பத்துக்குப் போவார். மீன் பிடிக்க என்பார். நவம்பரில் அங்கே மீன் கிடையாது. போகும்போது இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போகிற வாளி, வரும்போது ஒரு விரலில் ஆடும். அதில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு சூப் ஊற்றி வைத்துவிட்டு, கிண்ணத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிரித்து வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் தாளின் மேல் நகர்ந்து, பாதி நீள நிழல் ஒன்றின் மேல் நின்றது.

“வேலிக்கால் குழி,” என்றார். “பழைய பண்ண இருந்துச்சு அங்க.”

“வேலிக்கால படுக்க வச்சாப்பா நடுவாங்க?”

“பெரிய வேலி.”

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார். சாப்பிடவில்லை. அது ஊறி உடைவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கீழ்த் திருப்பத்துல தோண்டுனாங்களே, அந்தக் கத உனக்குத் தெரியுமில்ல?”

“நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி.”

“ம். எங்கம்மாதான் சமைச்சுப் போட்டா. மூணு வாரம். நல்ல மனுஷங்கன்னு சொல்லுவா. தின்ன தட்ட அவங்களே கழுவிக் கவுத்து வைப்பாங்களாம். மியூசியத்துலேர்ந்து வர்றோம்னு சொல்லியிருக்காங்க, பான ஓடு தேடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டா. கடேசி நாளு லாரியில ஆப்பிள் பெட்டி ஏத்துனாங்க. பதினெட்டுப் பெட்டி. இங்க ஏது ஆப்பிள் மரம்னு எங்கம்மா யோசிச்சிருக்கா. ஒரு பெட்டியில பலக வெலகியிருந்துச்சு.” நிறுத்தினார். “அவ அப்புறம் சாகறவரைக்கும் ஆப்பிள் தின்னல.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“அந்த வாரமே நம்ம ஆளுங்க இந்த மேல் திருப்பத்துக்குப் போயி, அங்க இருந்த சின்னக் கூரையெல்லாம் பிரிச்சு ஆத்துல விட்டுட்டாங்க. புல்லு வெதச்சாங்க. பேரு மட்டும் மிச்சம் இருந்துச்சு. பேர என்ன பண்ண முடியும்? மேப்புல எல்லாம் போட்டுட்டானுங்களே.”

“எதுக்கு மேல இருந்த கூரைப்பா?”

“கூர,” என்றார்.

எங்கள் ஆட்கள் எதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மரக்கூரை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதை வைத்துத்தான் அவர் ஐம்பது வருடம் அந்த இடத்தைக் காத்திருக்கிறார்.

“இப்ப சட்டம் இருக்குப்பா. ஒரு வார்த்த சொன்னாப் போதும், நிறுத்திருவாங்க.”

“நிறுத்துவாங்க. அப்புறம்? பிரஷ் எடுத்துட்டு வருவாங்க. நூல் கட்டி நம்பர் போடுவாங்க. நல்ல மனுஷங்களாத்தான் வருவாங்க. தட்டெல்லாம் கழுவி வைப்பாங்க.”

“இல்லன்னா நாளைக்கு ராய்ஸ் அள்ளிருவான். நம்ம ராய்ஸ். வாளியில என்ன வருதுன்னு அவன் கீழ எறங்கிப் பாப்பான்.”

அவர் எழுந்தார். படத்தை நான் மடித்திருந்த அதே மடிப்பில் மடித்து என்னிடம் நீட்டினார். “என் வாயால வராதது உன் வாயால வரக்கூடாது,” என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போனார். கோடாரிச் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ரேடார் படத்தின் கிழக்கு மூலையில் புதைகுழிகளாக இருக்கக்கூடியவை தெரிகின்றன என்று முதல் வரி. என் ஆகஸ்ட் மாதச் சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டாவது. நான்காவது துளை ஏன் இடம் மாறியது என்று மூன்றாவது வரியில் சொல்ல வேண்டும். அந்த வரியில் அப்பா இருந்தார். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். வேலை போவதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. அவர் சொல்லக் கூடாது என்றதை நான் சொல்லிவிட்டு அதே சமையலறைக்குள் எப்படி நுழைவது என்றுதான் நினைத்தேன்.

அவரிடம் நானே புகையிலை கொடுத்துக் கேட்டிருக்கலாம். பெற்ற அப்பனிடம் அப்படிக் கேட்பது, ‘புகையிலை இல்லாமல் நீங்கள் சொல்வதை நம்பவில்லை’ என்று சொல்வதுதான். அதையும் செய்யத் துணிந்திருப்பேன். ஆனால் சமையலறையில் கேட்டால் பதிலும் சமையலறையிலேயே நின்றுவிடும். என்னிடம் சொல்லிவிட்டு, என் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுவார்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பதினேழு மணி நேரம். பேசியது லுண்ட் டீச்சர். பள்ளியில் எனக்கு உயிரியல் எடுத்தவர். நுண்ணோக்கியில் குளத்து நீரை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் அவர்தான். ஓய்வுபெற்ற பிறகு நீரூற்றுக் குழுவுக்குத் தலைவராகிவிட்டார். கருங்கல்லில் எங்கள் மொழிப் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று மேயரோடு சண்டை போட்டவரும் அவரே.

“டெல்ஃபின், நாளைக்கு உங்கப்பாவ மேடைக்குக் கூப்பிட்டிருக்கோம். அவருக்கு என்ன குடுத்தா மரியாதையா இருக்கும்? போர்வ வாங்கலாமா? நான் ஏதாவது தப்பாப் பண்ணிருவேனோன்னு பயமா இருக்கும்மா.”

ஜன்னலுக்கு வெளியே ராய்ஸின் இயந்திரம் ஒரு நீள வண்டியில் ஏறிப் பாலத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் வாளி உள்நோக்கி மடங்கியிருந்தது.

“புகையிலை குடுங்க டீச்சர்,” என்றேன்.

“சிகரெட்டா?”

“இல்ல, தூள் புகையிலை. செவப்புத் துணியில முடிஞ்சு குடுக்கணும். துணி நான் தரேன். குடுத்துட்டு, இந்த ஊர்ப் பேருக்கு அர்த்தம் என்னன்னு கேளுங்க.”

“அதான் எல்லாருக்கும் தெரியுமே!”

“தெரிஞ்சாலும் கேளுங்க.”

“எல்லார் முன்னாலயுமா?”

“எல்லார் முன்னாலயும்தான்.”

“எவ்வளவு அழகான பழக்கம்,” என்றார் டீச்சர். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. வீட்டுக்குப் போய், அம்மா தைத்த சமையலறைத் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கை அகலம் வெட்டி எடுத்தேன். வேறு சிவப்புத் துணி வீட்டில் இல்லாமலில்லை.

சனிக்கிழமை புல்லில் உறைபனி இருந்தது. ஆற்றைப் பார்த்து மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு மேசையில் காபியும் டோனட்டும். மீன் சட்டை போட்ட பள்ளி வாத்தியக் குழு வாசித்து முடித்து, விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றது. கிழக்கு மூலையைச் சுற்றி நீல நாடா கட்டியிருந்தார்கள். அதற்கு வெளியே ராய்ஸ் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். குளிரில் அணைந்துவிடக் கூடாது என்று அதை ஓட விட்டிருந்தான். அப்பா விருந்துக்குப் போடும் சட்டையில், முன்வரிசையில், இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு இருந்தார். காலையில் அவர் திரையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கவாட்டில் நின்றேன். என் பையில் படம் இருந்தது. அவர் பேசாவிட்டால் நான் பேசுவது என்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது ஒன்றும் நினைவில்லை.

மேயர் பேசினார். மீன்களைப் போல நாமும் நம் ஊருக்குத் திரும்பி வருகிறோம் என்றார். கைதட்டினார்கள். பிறகு நாடாவுக்கு வெளியே நின்ற டீச்சர் அப்பாவை அழைத்தார். அப்பா எழுந்து நாடாவைத் தாண்டி உள்ளே போய், அவருக்கு எதிரே நின்றார். சான்றிதழும் கைகுலுக்கலும் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். டீச்சர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

“ஐயா, இதை ஏத்துக்கணும். எங்க ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்.”

அப்பா அந்தச் சிவப்பு முடிச்சைப் பார்த்தார். அதன் ஓரத்தில் அம்மா போட்ட வெள்ளைத் தையல் தெரிந்தது. டீச்சரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனியாமல் இருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்த பெரிய கொடுமை என்று அப்போதே தெரிந்தது. அவர் கைகள் இன்னும் பைக்குள் இருந்தன. அவற்றை அப்படியே வைத்திருந்தால் போதும், எதுவும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ இருமினார்கள். டீச்சர் நீட்டிய கைகளை மடக்கவில்லை.

இடது கையை வெளியே எடுத்தார். வாங்கிக்கொண்டார்.

முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை எடுத்தார். இரண்டு அடி நடந்து, குனிந்து புல்லின் மேல் வைத்தார். மறுபடி ஒரு சிட்டிகை, மறுபடி இரண்டு அடி. மூன்றாவது சிட்டிகையில் ராய்ஸ் இயந்திரத்தை அணைத்தான். ஆற்றின் சத்தம் அப்போதுதான் கேட்டது. சடங்கு என்று நினைத்து மேயர் தொப்பியைக் கழற்றினார். நான் எண்ணினேன். படத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, இடங்கள் மனப்பாடமாக இருந்தன. ஏழு. எட்டு. பதினொன்று. அங்கே நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நாடாவைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார். அந்தப் பக்கம் ரேடார் வண்டி போனதில்லை. பன்னிரண்டு. முன்வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்கள். ஒரு காலி நாற்காலியை நகர்த்திவிட்டு அதன் அடியில் வைத்தார். காபி மேசையின் கீழே ஒன்று வைத்தார். வாத்தியக் குழுவின் பெரிய மேளத்தை அவரே தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்று வைத்தார். எங்கேயும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் நடந்த கால்கள் அவை. இருபத்தாறு. ராய்ஸ் இயந்திரத்திலிருந்து இறங்கி, தன் காலடியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

அப்பா சுற்றி வந்து மறுபடி டீச்சருக்கு எதிரே நின்றார். துணியில் கடைசியாகக் கொஞ்சம் மீதி இருந்தது.

“மீனுன்னு சொன்னது நான்தான்,” என்றார். பெரிதாகப் பேசவில்லை. ஆனால் பின்வரிசை வரை கேட்டது. “சின்ன வயசுல. அது பொய். அந்தப் பேருல மீனு இல்ல.”

டீச்சரின் முகத்தில் புன்னகை இன்னும் கலையாமல் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டிருந்தார்.

“காத்திருந்தாங்க. அதான் பேரு. அவங்க காத்திருந்த எடம். நெலத்துக்குப் பதிலா மாவு தர்றோம், பனி விழறதுக்குள்ள குடும்பத்தோட வந்து இங்க நில்லுங்கன்னு அரசாங்கத்துல சொன்னாங்க. வந்து நின்னாங்க. பனி வந்துச்சு.”

கடைசிச் சிட்டிகையை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு, முழங்காலில் கையூன்றி மெதுவாகக் குனிந்தார். டீச்சரின் பளபளக்கும் கறுப்புச் செருப்புக்கு அருகே அவர் கை நின்றது.

“காலக் கொஞ்சம் எடுங்க டீச்சரம்மா,” என்றார். “அங்க ஒரு கொழந்த இருக்கு.”